வேகத்தில் தடுமாறும் பழைய கார்: கோர்வேயர் விவகாரம்

நமது நாட்டில் பழைய கார்களுக்கு என்றுமே குறைவிருந்ததில்லை. 1950களில் வந்திறங்கிய ஒஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர் முதலியன யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இரண்டு தலைமுறைகளைச் சுமந்தன. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறிதளவு பெற்றோல் காட்டி உயிர்ப்பித்து மண்ணெண்ணெயிலேயே அவை ஓட்டப்பட்டதைக் கண்டவர்கள் இன்றும் பலர் உள்ளனர். ஆனால் அந்தக் கார்கள் வேகமாகச் செல்லும்போது எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்வி எழவில்லை. வேகமாகச் செல்ல வீதி இருக்கவில்லை என்பதே காரணம். 2011 நவம்பரில் தெற்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டு, மணிக்கு 100 கிலோமீற்றர் அனுமதிக்கப்பட்ட பின்னரே, நகருக்குள் சாதுவாக ஓடிய பழைய வாகனம் அங்கே ஏன் அலைகிறது என்று பலர் கேட்கத் தொடங்கினர்.

கராஜ்காரரிடம் கேட்டால் உடனே விடை கிடைக்கும். கிங்பின் தேய்ந்திருக்கும், சுக்கான் பெட்டியில் ஆட்டம் இருக்கும், றப்பர் புஷ்கள் இறுகி வெடித்திருக்கும், சொக் அப்சோபர்களில் எண்ணெய் வற்றியிருக்கும், சில்லுகளின் சமநிலை குலைந்திருக்கும். இவை அனைத்தும் உண்மையே. 30 மைல் வேகத்தில் கைக்குத் தெரியாத தளர்வு 60 மைலில் தெரிந்துவிடும். வளைவில் காரை வெளியே தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 40 மைலிலிருந்து 60 மைலுக்கு உயர்ந்தால் அது ஒன்றரை மடங்காவதில்லை, இரண்டேகால் மடங்காகிறது. தேய்ந்த பாகம் தாங்கவேண்டிய சுமை அந்த அளவுக்கு ஏறிவிடுகிறது.

ஆயினும் எல்லாக் கார்களும் முதுமையினால் மாத்திரம் தடுமாறுவதில்லை. சில கார்கள் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த அன்றே அந்தக் குறையோடு வந்தன. அவற்றுள் மிகுந்த பேர்பெற்றது, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் தனது ஷெவர்லே பிரிவின் ஊடாக 1959 ஒக்டோபரில் சந்தைக்கு விட்ட கோர்வேயர்.

அக்காலத்து அமெரிக்கக் கார் என்பது, முன்னே பெரியதோர் எஞ்சினும் பின்னே சிறகு போன்ற வால்களும் கொண்ட இரும்பு மாளிகை. அந்தச் சந்தைக்குள் ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் பீட்டில் அமைதியாக நுழைந்து விற்பனையாகிக்கொண்டிருந்தது. அதற்கு விடையாக போர்ட் நிறுவனம் பல்கனையும் கிறைஸ்லர் நிறுவனம் வேலியன்ற்றையும் வெளியிட்டன. இரண்டுமே எஞ்சினை முன்னே வைத்த வழக்கமான கார்கள். ஷெவர்லேயின் தலைவர் எட் கோல் மாத்திரம் துணிந்து வேறு வழி சென்றார். ஆறு சிலிண்டர் கொண்ட, காற்றினால் குளிரூட்டப்படும் அலுமினிய எஞ்சின் பின்பக்கத்தில் வைக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டின் சிறந்த கார் என்ற விருதை மோட்டர் ட்ரென்ட் சஞ்சிகை அதற்கு வழங்கியது.

இக்காரின் நோய் பின் அச்சில் இருந்தது. எஞ்சின் பின்னே இருந்தமையால் எடையில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல் பின் சில்லுகளின்மீது விழுந்தது. அந்தச் சில்லுகளைத் தாங்கிய அரை அச்சுகள் ஒவ்வொன்றும் உட்பக்க முனையில் மாத்திரம் மடங்கக்கூடியனவாக இருந்தன. வெளிமுனையில் சில்லு அச்சோடு இறுகப் பொருத்தப்பட்டிருந்தது. கதவு பிணைச்சலில் ஆடுவதுபோல் சில்லும் ஒரு வில் வடிவில் ஆடும். நேர்ப்பாதையில் இதனால் கேடில்லை. வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது உடற்பகுதி மேலெழும்ப, வெளிப்புறச் சில்லு காரின் அடியை நோக்கி மடியும். ரயர் தனது முழு அகலத்தோடும் நிலத்தைப் பற்றாமல் ஓரத்தால் மாத்திரம் பற்றும். பிடி திடீரெனக் குறைய, கனத்த பின்பக்கம் வெளியே வீசப்படும். முன்பக்கம் முதலில் வழுக்கும் காரில் சாரதிக்குச் சிறிது அவகாசம் உண்டு. வேகத்தைக் குறைத்தால் அநேகமாகப் பிழைத்துக்கொள்வார். பின்பக்கம் முதலில் வழுக்கும் காரில் பயந்து காலை எடுப்பதே நிலைமையை மோசமாக்கும். எடை முன்னோக்கிச் சாய, பின் சில்லுகளின் பிடி மேலும் தளரும்.

இதனை ஜெனரல் மோட்டர்ஸ் அறியாதிருந்ததா? அந்நிறுவனத்திலேயே பணியாற்றிய மொறிஸ் ஒலி என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர், கார்களின் கையாளுகை பற்றிய ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவர், பின் எஞ்சினும் இத்தகைய மடங்கும் அச்சும் சேர்ந்த அமைப்பின் அபாயத்தை 1953இலேயே எழுதியிருந்தார். முன்புறத்தில் ஒரு சமநிலைத் தண்டைப் பொருத்தினால் குறை பெருமளவு தணியும் என்பதும் தெரிந்த விடயமே. செலவு கருதி அத்தண்டு விடப்பட்டது. அதற்குப் பதிலாகக் கண்டுபிடிக்கப்பட்ட பரிகாரம் என்ன தெரியுமா? காற்று! முன் ரயர்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலும் பின் ரயர்களுக்கு 26 இறாத்தலும் நிரப்பவேண்டும் என உரிமையாளர் கைந்நூலில் எழுதிவைத்தார்கள். முன் ரயர்கள் மென்மையாக இருந்தால் முன்பக்கம் முதலில் வழுக்கும் என்பது கணக்கு. பெற்றோல் நிலையத்தில் காற்றடிக்கும் பையன் கைந்நூலைப் படிப்பானா? வழக்கப்படி நான்கு சில்லுக்கும் ஒரே அளவாக அடித்துவிடுவான். அத்தோடு பொறியியலாளரின் கணக்கு முடிந்தது.

விபத்துகள் நிகழ்ந்தன. நகைச்சுவை நடிகர் ஏர்னி கோவாக்ஸ் 1962 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தனது கோர்வேயர் வாகனம் கம்பத்தில் மோதி இறந்தார். கலிபோர்னியாவில் ஒரு கையை இழந்த பெண்ணொருவர் தொடுத்த வழக்கு, 1964இல் 70,000 டொலர் கொடுத்துச் சமரசத்தில் முடிக்கப்பட்டது. நூற்றுக்கும் அதிகமான வழக்குகள் நீதிமன்றங்களில் குவிந்தன. சாரதி வேகமாக ஓட்டினார், காற்றழுத்தத்தைக் கவனிக்கவில்லை என்பதே நிறுவனம் மீண்டும் மீண்டும் சொன்ன விடை. இதற்கிடையில் 1964ஆம் ஆண்டு மாதிரியில் முன் தண்டும் பின்னே குறுக்குப் பட்டை வில்லும் சேர்க்கப்பட்டன. 1965 மாதிரியில் பின் அமைப்பே முழுமையாக மாற்றப்பட்டது. குறையில்லாத ஒன்றை எதற்காகத் திருத்தினார்கள் என்று அன்றைய பத்திரிகையாளர்கள் இன்னும் உரத்துக் கேட்டிருக்கலாம் என்பது எனது எண்ணம்.

உரத்துக் கேட்டவர் ரால்ப் நேடர் என்ற இளம் சட்டத்தரணி. எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றவை என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நூல் 1965 நவம்பரில் வெளிவந்தது. நூல் முழுவதும் கோர்வேயர் பற்றியது எனப் பலர் நினைக்கின்றனர். உண்மையில் முதல் அத்தியாயம் மாத்திரமே அதைப் பற்றியது. நூலைவிட அதற்கு நிறுவனம் காட்டிய எதிர்வினையே நேடரைப் பெரிய மனிதராக்கியது. தனியார் துப்பறிவாளர்களை அமர்த்தி அவருடைய அந்தரங்க வாழ்க்கையைத் துருவினார்கள். விடயம் வெளியாகி, 1966 மார்ச் 22 அன்று செனட் உபகுழுவின் முன் நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் றோச் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்டார். நேடர் தொடுத்த அந்தரங்க உரிமை வழக்கு 1970இல் 425,000 டொலருக்குத் தீர்க்கப்பட்டது.

கோர்வேயரின் விற்பனை 1966இல் பாதிக்கும் கீழாகச் சரிந்தது. இதற்கு நேடரை மாத்திரம் காரணம் காட்டுவது சரியன்று. 1964இல் வந்த போர்ட் மஸ்டாங் இளைஞர்களை ஏற்கனவே இழுத்துச் சென்றிருந்தது. 1969 மே மாதத்தில் உற்பத்தி நின்றபோது மொத்தம் ஏறத்தாழ 18 இலட்சம் கோர்வேயர்கள் வெளிவந்திருந்தன.

இதே சிக்கலுக்கு ஜேர்மனியர் வேறு விதமாக முகங்கொடுத்தனர். பின் எஞ்சின் கொண்ட போர்ஷ 911 காரின் பின் அச்சமைப்பு வேறானது எனினும் வாற்கனம் அதற்கும் உண்டு. 1960களின் நடுப்பகுதியில் அதன் முன் தாங்கியின் இரு மூலைகளிலும் 11 கிலோ வீதம் இரும்புக் கட்டிகளை ஒளித்துவைத்தார்கள். பின்னர் 1969 மாதிரியில் சில்லுகளுக்கிடையிலான தூரத்தை 57 மில்லிமீற்றர் நீட்டினார்கள். இரும்புக் கட்டி நாகரிகமான தீர்வன்று. ஆயினும் அது காரிலேயே இருந்தது, காற்றடிப்பவனின் கையில் விடப்படவில்லை.

கோர்வேயர் கதைக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 1963 மாதிரியைப் பல்கன், வேலியன்ற், வொக்ஸ்வாகன் முதலியவற்றோடு ஓட்டிப் பரீட்சித்து, அது ஏனைய கார்களைவிட வழமைக்கு மாறாகக் கட்டுப்பாட்டை இழக்கக்கூடியதன்று என 1972இல் அறிக்கையிட்டது. கோர்வேயர் அபிமானிகள் இன்றும் இந்த அறிக்கையைக் கையில் ஏந்துகின்றனர். நேடர் அதை ஏற்கவில்லை. அறிக்கையைப் புறந்தள்ள முடியாது. ஆனால் அது கோர்வேயரை அதன் காலத்துக் கார்களோடு ஒப்பிட்டதேயன்றி, அந்தக் கார்கள் யாவும் பாதுகாப்பானவை என்று சொல்லவில்லை. மடங்கும் அச்சுடைய வொக்ஸ்வாகனும் அந்த வரிசையில் நின்றது.

நிறுவனத்தின் உயர்பீடத்தில் இருந்து விலகிய ஜோன் டிலோரியனின் நினைவுகளை வைத்து எழுதப்பட்ட நூலொன்று 1979இல் வெளியானது. கார் ஒன்றுக்குச் சுமார் 15 டொலர் செலவாகும் திருத்தத்தை மேலிடம் மறுத்ததாகவும், எட் கோலுக்குப் பின் ஷெவர்லேக்குத் தலைமையேற்ற பங்கி நுட்சன் பதவி விலகுவேன் என அச்சுறுத்திய பின்னரே இசைந்ததாகவும் அதில் கூறப்படுகிறது. நிறுவனத்தின் உயர் அதிகாரிகள் சிலரது பிள்ளைகளும் உறவினரும் கோர்வேயர் விபத்துகளில் இறந்தும் படுகாயமுற்றும் போயினர் என்பதையும் அந்நூல் பதிவு செய்கிறது.