நேராக ஓட மறுக்கும் வண்டி: அமெரிக்கப் பிக்கப் டிரக்குகளின் ஸ்டியரிங் வரலாறு

பழைய பிக்கப் டிரக் ஒன்றை நேரான சாலையில் ஓட்டுபவரின் கைகளைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். சாலை நேராக இருந்தாலும் கைகள் சும்மா இருப்பதில்லை. கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம், மறுபடியும் இடம் என்று திருத்திக்கொண்டே இருக்கும். இதுதான் ஸ்டியரிங் அலைச்சல். வண்டி எப்போதும் ஒரே பக்கமாக இழுப்பது வேறு நோய். அலைச்சலில் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மணிக்கு 60 மைல் வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடியில் 88 அடி கடந்துவிடும். அந்த ஒரு நொடி ஓட்டுநர் அசந்தால் பக்கத்துத் தடத்தில் வருபவருக்கும் ஆபத்து. இப்படி வண்டி அலைந்தால் பலர் முதலில் செய்வது ஸ்டியரிங் பாக்ஸின் மேலே உள்ள திருகை இறுக்குவதுதான். பெரும்பாலும் அது தவறான வைத்தியம். ஏன் என்பதை இந்த வண்டிகளின் வரலாறே சொல்கிறது.

குதிரை வண்டியில் தொடங்கிய கதை

ஆரம்ப காலக் குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவில் உள்ள ஒரே முளையில் திரும்பியது. 1817-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வண்டி கட்டும் தொழில் செய்த ஜார்ஜ் லாங்கன்ஸ்பெர்கர் இதை மாற்றினார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி முளை, இரண்டையும் இணைக்க ஒரு தண்டு என்பது அவர் கண்ட வழி. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றவர் அவருடைய பிரதிநிதி ருடால்ஃப் ஆக்கர்மன். பெயரும் ஆக்கர்மனுக்கே நிலைத்தது.

திரும்புவது எளிதாயிற்று. ஆனால் ஒரு மூட்டு இருந்த இடத்தில் பல மூட்டுகள் வந்துவிட்டன. மூட்டு என்றால் தேய்மானம் உண்டு. அலைச்சலின் விதை அங்கேயே விழுந்துவிட்டது.

பண்ணைச் சாலையும் நெடுஞ்சாலையும்

ஃபோர்டு நிறுவனம் 1925-இல் மாடல் டி காரைத் தொழிற்சாலையிலேயே பொருத்திய பின்பெட்டியுடன் விற்றது. 1948-இல் அதன் எஃப் வரிசை வந்தது. அந்தக் காலப் பிக்கப்களின் முன்பக்கத்தில் ஒரே இரும்பு அச்சும் பட்டை ஸ்பிரிங்குகளும் இருக்கும். சக்கரம் கிங் பின் என்ற முளையில் திரும்பும். நேரத்துக்குக் கிரீஸ் அடித்தால் கிங் பின் நீண்ட நாள் உழைக்கும், அடிக்காவிட்டால் தேய்ந்து ஆட ஆரம்பிக்கும். பண்ணைச் சாலையில் 30 மைல் வேகத்தில் அந்த ஆட்டம் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

1956-இல் அமெரிக்காவில் 41,000 மைல் நீள நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் வந்தது. அதே வண்டிகள் வேகமாக ஓடத் தொடங்கின. மூட்டுகளில் இருந்த ஆட்டம் மாறவில்லை. வேகம் கூடியதால் அது வெளியே தெரிந்தது.

காஸ்டர் கோணம்

சைக்கிளின் முன் ஃபோர்க் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கையை விட்டு ஓட்ட முடிவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். டிரக்கில் இதன் பெயர் காஸ்டர். சாய்வு அதிகமானால் வண்டி நேராகப் போக விரும்பும், ஆனால் ஸ்டியரிங் கனக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்தில் ஓட்டுநரின் தோள்வலிக்குப் பயந்து காஸ்டரைக் குறைவாகவே வைத்தார்கள்.

பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் டேவிஸ் 1926-லேயே ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கை ஓட்டிக் காட்டினார். அது கிரைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்தது 1951-இல்தான். பிறகு பிக்கப்களுக்கும் பரவியது. கனம் குறைந்ததால் காஸ்டரைக் கூட்ட முடிந்தது. ஆனால் சாலையின் அதிர்வு கைக்கு வருவதும் குறைந்தது. மூட்டு தேய்வது ஓட்டுநருக்குத் தாமதமாகவே தெரிந்தது.

ஒரு தீர்வு, ஒரு புதிய நோய்

1960-இல் செவ்ரோலே தன் இலகு ரகப் பிக்கப்களில் முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பைக் கொண்டுவந்தது. 1965-இல் ஃபோர்டு 'ட்வின் ஐ-பீம்' என்ற இரட்டை அச்சை அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு நீண்ட இரும்புக் கை. அந்தக் கையின் மறுமுனை வண்டியின் எதிர்ப்பக்கத்தில் பிணைக்கப்பட்டிருக்கும். உறுதியில் குறை சொல்ல முடியாது. ஆனால் சக்கரம் ஒரு வளைவில் ஏறி இறங்குவதால், ஸ்பிரிங் தளர்ந்து வண்டி தாழ்ந்தால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்துவிடும். டயர் ஒரு பக்கமாகத் தேயும். அச்சை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்தால் வண்டி அலையும். ஆரம்ப கால வண்டிகளில் இந்தச் சாய்வைச் சரிசெய்ய, பட்டறைகளில் அந்த இரும்புக் கையையே அழுத்தி வளைத்தார்கள். எஃப்-150 வண்டியில் இந்த அமைப்பு 1996 வரை நீடித்தது.

1994-இல் புதிய வடிவில் வந்த டாட்ஜ் ராம் நான்கு சக்கர இயக்க வண்டிகளின் கதை வேறு. அதில் ஒரே அச்சும் சுருள் ஸ்பிரிங்குகளும் இருந்தன. சுருள் ஸ்பிரிங்கால் அச்சைப் பக்கவாட்டில் பிடித்து வைக்க முடியாது. அந்த வேலையைச் செய்வது டிராக் பார் என்ற ஒற்றைத் தண்டு. அதன் முனை தேய்ந்தால் அச்சு பக்கவாட்டில் நகரும், ஆனால் ஸ்டியரிங் பாக்ஸோ சேஸிஸோடு நிற்கும். விளைவு, ஓட்டுநர் ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடித்திருந்தாலும் சக்கரம் தானாகத் திரும்பும்.

எங்கிருந்து தேடுவது?

1. முதலில் டயர். காற்று அளவு, தேய்மானம், இரண்டு பக்கமும் ஒரே வகை டயரா என்று பார்க்க வேண்டும். செலவில்லாத சோதனை இது.

2. வண்டி தரையில் நிற்க, பவர் ஸ்டியரிங் இருந்தால் இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிதளவு இடவலமாக அசைக்க வேண்டும். இன்னொருவர் டை ராடு முனைகள், பிட்மன் ஆர்ம், டிராக் பார், பாக்ஸைச் சேஸிஸோடு பிணைக்கும் போல்ட்டுகள் என ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையத் தாமதித்தால் அந்த மூட்டில் ஆட்டம் இருக்கிறது.

3. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். கிங் பின், பால் ஜாயிண்ட், வீல் பேரிங் ஆகியவற்றின் தேய்மானம் இதில் தெரியும்.

4. இவை எல்லாம் சரியான பிறகே பாக்ஸின் திருகு. கடைசியாக வீல் அலைன்மெண்ட்.

இந்த வரிசையை மாற்றினால் என்ன? பாக்ஸின் உள்ளே பற்கள் நடுநிலையில்தான் மிக நெருக்கமாக இருக்கும்படி செய்திருப்பார்கள். திருகை அளவுக்கு மேல் இறுக்கினால் ஸ்டியரிங் சரியாக அந்த நடுநிலையிலேயே பிடித்துக்கொள்ளும். திருப்பிய பின் தானாக நேருக்கு வராது. ஓட்டுநர் கையால் கொண்டுவர வேண்டும், அதில் சற்றுக் கூடுதலாகத் திருப்பிவிடுவார், பிறகு அதையும் திருத்துவார். அலைச்சலைத் தீர்க்கச் செய்த வேலையே புதிய அலைச்சலாகிவிடும். அதற்குள் உண்மையில் தேய்ந்த மூட்டும் கழன்று விழும் நிலைக்கு வந்திருக்கலாம்.

2000-களில் அரை டன் பிக்கப்களில் ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் பரவி, இடையில் இருந்த மூட்டுகளின் எண்ணிக்கை குறைந்தது. அதற்கு முந்தைய வண்டிகளோ இன்றும் சாலையில் ஓடுகின்றன. அவற்றில் தேய்ந்த மூட்டு எது என்று கண்டுபிடிக்க, ஸ்டியரிங்கை அசைக்க ஒருவர், வண்டிக்கு அடியில் கவனிக்க ஒருவர், கால் மணி நேரப் பொறுமை ஆகியவை போதும்.