பதினைந்து சுற்று நின்றவர்



2025-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், பராமரிப்பு இல்லமொன்றில் ஒரு முதியவர் காலமானார். வயது 75. அவர் பெயர் ஜோ பக்னர். இளைஞர்களுக்கு இப்பெயர் புதிதாக இருக்கலாம். வீட்டிலுள்ள தாத்தாவைக் கேளுங்கள். “முகமது அலி கோலாலம்பூருக்கு வந்து சண்டை போட்டாரே, அவருக்கு எதிரே நின்றவரா?” என்பார். ஆம், அவரேதான்.

1975 ஜூலை முதல் நாள், செவ்வாய்க்கிழமை. இடம், மெர்டேக்கா விளையாட்டரங்கம். 1957-இல் துங்கு அப்துல் ரஹ்மான் நாட்டின் விடுதலையை முழங்கிய அதே அரங்கம். அமெரிக்காவில் இருப்போர் இரவில் பார்க்க வசதியாக, இங்கே காலையிலேயே சண்டையை வைத்தார்கள். நம் தோட்டங்களில் அது பால் வெட்டும் வேளை. என் தந்தையார் அன்று நிரையில் இருந்தாராம். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு வந்த பிறகுதான் வானொலியில் முடிவைக் கேட்டதாகச் சொல்லுவார்.

அலியின் கதையை நாம் அறிவோம். வியட்நாம் போருக்குச் செல்ல மாட்டேன் என்று 1967-இல் மறுத்ததால் உலக வீரர் பட்டத்தைப் பறிகொடுத்தவர். 1974 அக்டோபரில் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்தி, அதை மீண்டும் வென்றவர். அந்தப் பட்டத்தோடுதான் அவர் கோலாலம்பூர் வந்தார்.

பக்னரின் கதை பலருக்குத் தெரியாது. அவர் 1950-இல் ஹங்கேரி நாட்டில் பிறந்தவர். 1956-இல் சோவியத் படைகள் அந்நாட்டுக்குள் புகுந்து கிளர்ச்சியை அடக்கின. பக்னரின் தாய் தம் பிள்ளைகளோடு நாட்டைவிட்டுத் தப்பி, இங்கிலாந்தை அடைந்தார். அப்போது சிறுவனுக்கு வயது ஆறு. மொழி தெரியாத ஊரில் அகதிப் பிள்ளையாக வளர்ந்தான். 17 வயதில் தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கி, முதல் சண்டையிலேயே தோற்றான். ஆயினும் விடவில்லை. 1971-இல், இங்கிலாந்து மக்கள் பெரிதும் நேசித்த ஹென்றி கூப்பரை மிகச் சிறிய புள்ளி வேறுபாட்டில் வென்றார். அந்த வெற்றியே அவருக்கு வினையாயிற்று. வளர்த்த நாடு நெடுங்காலம் அவரை மன்னிக்கவில்லை.

கோலாலம்பூரில் இருவரும் வெயிலிலும் புழுக்கத்திலும் பதினைந்து சுற்றுகள் மோதினர். மூன்று நிமிடம் சண்டை, ஒரு நிமிடம் ஓய்வு; இப்படிப் பதினைந்து முறை. புள்ளிக் கணக்கில் அலி வென்றார். ஆனால் பக்னர் விழவில்லை. துணிந்து தாக்காமல் தற்காத்துக்கொண்டே இருந்துவிட்டார் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் அவரைக் குறை கூறின. அன்று உலகின் தலைசிறந்த வீரர் முன் முழு நேரமும் நின்றது எளிதான காரியமா? வெயிலில் வேலை செய்து பழகிய நீங்களே சொல்லுங்கள்.

நேயர்களே, மேடையிலிருந்து இறங்கிய பின் என்ன நடந்தது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். அலிக்கு 1984-இல் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிய வந்தது. மின்னலாய்ப் பாய்ந்த கைகள் நடுங்கின. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை அந்த நடுங்கும் கையாலேயே ஏற்றினார். 2016 ஜூன் 3-ஆம் நாள் மறைந்தார். பக்னர் ஆஸ்திரேலியாவில் குடியேறி, தொழில் முயற்சியில் பணத்தை இழந்து, 45 வயதில் மீண்டும் மேடையேறினார். கடைசிக் காலத்தில் மறதி நோய் அவரைப் பற்றிக்கொண்டது. தாம் ஆடிய ஆட்டமே நினைவில் நழுவும் நிலை. ஃபோர்மனும் அதே 2025-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் மறைந்தார்.

தலையில் ஓயாது விழும் குத்துகள் மூளையைக் கெடுக்கும் என்பதை அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதிவைத்தார். அதற்குப் பிறகும் அரங்குகள் நிறைந்தன. கைதட்டியவர்கள் வீட்டுக்குப் போனார்கள். குத்து வாங்கியவர் அதை உடம்பில் சுமந்துகொண்டு போனார்.

உடம்பை முதலாக வைத்துப் பிழைப்பவர் வீரர் மட்டுமா? பால் வெட்டுபவரும், செம்பனைக் குலை அறுப்பவரும், மருந்து அடிப்பவரும் அப்படித்தானே! முதுகு வலியும் தோள் வலியும் அன்றே தெரிவதில்லை. வயதான பிறகு வட்டியோடு வந்து நிற்கின்றன. ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் இதற்காகத்தான் இருக்கின்றன. நம் பெயரில் சந்தா ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று கேட்டுப் பார்ப்பது நம் உரிமை. வேலையில் அடிபட்டால், சிறிய காயந்தானே என்று மறைக்காமல் உடனே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். அலியின் வீரத்தைப் போற்றுங்கள். அதோடு, அகதியாய் வந்து, பழி சுமந்து, கடைசி மணி அடிக்கும்வரை நின்ற பக்னரையும் மறவாதீர்கள். வென்றவர் பெயர் ஏட்டில் தானாகவே நிற்கும். தோற்றவர் பெயரை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.