லாக் இன் பண்ணின கதை

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, "ஐ லாகின்ட் அட் நைன்"னு ஒரு மெயில் தட்டிவிட்டேன். மேலாளர் அதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிச்சுச் சிரிச்சார். லாகின்னு சேர்த்து எழுதினா பெயர்ச்சொல். வினைன்னா லாக் தனி, இன் தனி. இறந்தகாலம் 'லாக்ட் இன்'. இதை அவர் சொல்லித் தரலை, காது சூடானதுதான் மிச்சம். யாருப்பா இந்த 'லாக்'னு அன்னிக்குத் தேட ஆரம்பிச்சேன்.

லாக்னா மரக்கட்டை. நிஜமாவே கட்டைதாங்க! நடுக்கடல்ல கப்பல் என்ன வேகத்துல போகுதுன்னு எப்படித் தெரியும்? கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டித் தண்ணியில போடுவாங்க. கட்டை அங்கேயே மிதந்து நிற்க, கப்பல் நகர நகரக் கயிறு ஓடும். 1574-ல் வில்லியம் போர்ன் எழுதிய கடலோடிகள் கையேட்டிலேயே இந்த முறை இருக்கு. பிற்பாடு கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்டாங்க. 28 விநாடி மணல் கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டுதோ, மணிக்கு அத்தனை கடல் மைல். கப்பல் வேகத்தை இன்னிக்கும் 'நாட்' கணக்குல சொல்றது இந்த முடிச்சாலதான்.

அந்த வேகத்தை எழுதி வைச்ச புத்தகம் லாக்புக். அப்புறம் காற்று, திசை, நடந்தது எல்லாம் அதுக்குள்ள வந்துடுச்சு. குறிப்பேட்டில் பதிவதற்கே 'லாக்'னு பேர் ஆயிடுச்சு. கட்டை போயே போச்சு.

1961-ல் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கொர்பட்டோ குழு, ஒரே கணினியைப் பலர் பங்கு போட்டுக்கிற ஏற்பாட்டைக் காட்டினாங்க. கணினி நேரம் தங்கம் மாதிரி. யார் வந்தாங்க, எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டாங்கன்னு கணக்கு வேணுமே? அங்கே வேலையைத் தொடங்கக் கொடுத்த கட்டளைதான் லாகின். அதாவது, 'வருகையைப் பதிவு செய்துட்டு உள்ளே வா'.

1969 அக்டோபர் 29 ராத்திரி நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்துல சார்லி க்ளைன்னு ஒரு மாணவர், தூரத்துல ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துல இருந்த கணினிக்கு 'லாகின்'னு தட்டினார். எல் போச்சு, ஓ போச்சு, அடுத்த எழுத்துல அந்தப் பக்கம் படுத்துடுச்சு. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் முழுசா உள்ளே போக முடிஞ்சது. இணையத்தோட தாத்தாவான ஆர்பாநெட்டின் முதல் லாகினே அரைகுறை! நான் பண்ணின தப்பு பரவாயில்லைன்னு அப்பத்தான் தோணிச்சு :-)

தமிழ் விக்கிப்பீடியாவில் 'புகுபதிகை'ன்னு முதல்ல பார்த்தப்போ நானும் கிண்டல் பண்ணியிருக்கேன். இப்போ வாபஸ். 'உள்நுழை'யில் வெறும் கதவுதான் இருக்கு. புகுபதிகையில் அந்தக் குறிப்பேடும் இருக்கு. வாயில நுழையத்தான் கொஞ்சம் நாளாகும். நீங்க எதை எழுதறீங்க மக்களே?