தீர்ப்புக்கு முந்திய தீர்ப்பு

கொலை வழக்கொன்றில் இரு தீர்ப்புகள் வழங்கப்படுவதுண்டு. ஒன்று, சான்றுகளை ஆராய்ந்தபின் நீதிமன்றம் வழங்குவது. மற்றையது, அதற்கு நெடுநாள் முன்னரே செய்தித்தாள்களிலும் தேநீர்க் கடைகளிலும் வழங்கப்பட்டுவிடுவது. இவ்விரண்டாவது தீர்ப்பினால் எதிரிக்கு நேரும் தீங்கினைப் பலரும் எடுத்துரைப்பர். கொலையுண்டவருக்கு அது இழைக்கும் அநீதியோ அத்துணை கவனிக்கப்படுவதில்லை. இலங்கைச் சட்ட வரலாற்றில் தனியிடம் பெற்ற சதாசிவம் வழக்கு இவ்விரண்டினையும் ஒருங்கே உணர்த்துகின்றது.

மகாதேவ சதாசிவம் இலங்கைக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர். 1947 இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக அவர் குவித்த 215 ஓட்டங்கள் அவரது புகழை நிலைநிறுத்தின. 1951 ஒக்டோபர் 9 ஆம் நாள், பம்பலப்பிட்டியில் அவருடைய குடும்பம் வாழ்ந்த வீட்டின் வாகனக் கொட்டிலில், அவர் மனைவியின் உடல் கழுத்து நெரிக்கப்பட்ட நிலையிற் காணப்பட்டது. கொலைக் குற்றச்சாட்டுக் கணவர்மேல் விழுந்தது.

பொதுமக்களின் ஐயம் அவர்மேற் படிந்தமைக்குக் காரணங்கள் இல்லாமலில்லை. உல்லாச வாழ்வினர் எனப் பெயர் பெற்றிருந்தார். வேறொரு பெண்ணுடன் கொண்டிருந்த உறவு ஊரறிந்ததாயிருந்தது. விவாகரத்து வழக்கும் நிலுவையில் இருந்தது. நாளிதழ்கள் வழக்கின் ஒவ்வொரு நிகழ்வையும் விரிவாக வெளியிட்டன. எனினும் ஒழுக்கக் குறைவு வேறு. கொலைக் குற்றம் வேறு. முன்னதற்கான ஆதாரத்தைப் பின்னதற்கான ஆதாரமாகக் கொள்வதே பொதுசன அபிப்பிராயத்தின் இயல்பான பிழையாகும்.

அரச தரப்பின் வழக்கும் ஏறத்தாழ ஒருவரது வாய்மொழியையே நம்பி நின்றது. அவ்வீட்டுப் பணியாளர், தாம் கொலைக்கு உடந்தையாயிருந்ததாகக் கூறி, நிபந்தனை மன்னிப்புப் பெற்று அரச சாட்சியானார். நீதியரசர் ஈ. எப். என். கிறேசியன் முன்னிலையில் 57 நாட்கள் விசாரணை நிகழ்ந்தது. எதிரிக்காகக் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். சதாசிவம் அன்று முற்பகல் வீட்டைவிட்டுச் சென்றதன் முன்னரா, பின்னரா மரணம் நிகழ்ந்தது என்பதே மையவினா. பேராசிரியர் ஜீ. எஸ். டபிள்யூ. டி சேரம் உடல் வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டு மரண நேரத்தை ஆராய்ந்திருந்தார். எடின்பரோவிலிருந்து வந்த சேர் சிட்னி சிமித், பணியாளர் கூறியவாறு படுக்கையறையில் அன்றி, சமையலறையிலேயே கொலை நிகழ்ந்திருக்க வேண்டும் எனக் கருதினார். 1953 யூன் 25 ஆம் நாள் யூரர்கள் ஒருமனதாக எதிரியைச் சுற்றவாளியெனக் கண்டனர். அதற்கிடையில் ஏறத்தாழ இருபது மாதங்கள் கழிந்திருந்தன.

அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் இதனையொத்த வழக்கொன்று எழுந்தது. மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மருத்துவர் சாம் செப்பர்டைக் கைது செய்யுமாறு கிளீவ்லண்ட் பத்திரிகை ஒன்று வெளிப்படையாகவே கோரிற்று. 1954 இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். பத்திரிகைகளின் ஆரவாரம் நீதியான விசாரணையைக் கெடுத்துவிட்டதெனக் கூறி, 1966 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. அவ்வாண்டே நடந்த மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். கொழும்பு நீதிமன்றம் தவிர்த்துக்கொண்ட தவறைத் திருத்துவதற்கு அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

ஆயினும் கொழும்பு வழக்கின் முடிவை நீதியின் முழு வெற்றியெனக் கொள்ளுதல் இயலாது. எதிரி விடுதலையானார், கொலைக்காக எவருமே தண்டிக்கப்படவில்லை. குற்றவாளி இவரேயெனத் தொடக்கத்திலேயே துணிந்தமையால் ஏனைய வழிகள் அடைபட்டன. நான்கு பெண்பிள்ளைகளின் தாயொருவரின் மரணம் விடையற்ற வினாவாயிற்று. முற்கூட்டிய தீர்ப்பு எதிரியின் சுதந்திரத்தை மட்டுமன்றி, இறந்தோரின் உரிமையையும் பறிக்கின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பின்னர் வந்த 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, குற்றவாளியென எண்பிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் சுற்றவாளியென ஊகிக்கப்படல் வேண்டுமென 13(5) ஆம் உறுப்புரையில் விதித்தது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்கலாகாது என்பது 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்திலேயே உள்ளது. ஆனால் நீதிமன்றம் செவிமடுக்க மறுக்கும் அவ்வொப்புதலை நாடு முழுவதும் மாலைச் செய்தியிலேயே கேட்டுவிடுகின்றது. 2015 இல் கொட்டதெனியாவவில் ஐந்து வயதுச் சிறுமி கொலையுண்டபோது, பாடசாலை மாணவர் ஒருவரும் இன்னோர் ஆடவரும் கைதாகி, குற்றவாளிகளைப்போல் ஊடகங்களிற் காட்டப்பட்டனர். அடுத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கூறப்பட்ட இன்னொருவர்மேல் நாட்டின் சினம் திரும்பிற்று. மரபணுப் பரிசோதனை இம்மூவரையும் விலக்கி வேறொருவரைச் சுட்டியது. 2016 இல் நீர்கொழும்பு மேல்நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது.

கொலையைக் கண்டு சமூகம் கொதித்தெழுவது இயல்பே. அக்கொதிப்பு இல்லாத சமூகம் உயிரற்ற சமூகமாகும். உண்மையை விரைந்து தேடுமாறு அது அரசை நெருக்கலாம். உண்மை இதுவெனத் தானே அறிவித்தலாகாது. வழக்குக் கொழும்பில் நடப்பினும் கந்தளாய் நீதவான் முன்னிலையில் தொடங்கினும், கூண்டில் நிற்பவரின் பெயர் ஊரார் அறிந்ததாயினும் அறியாததாயினும், இவ்வெல்லை ஒன்றேயாகும்.