மூச்சு முதலில்... சாப்பாடு அப்புறம்!

பங்குனி உத்திரம். கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையை விட்டு மயிலம் பக்கம் திரும்புகிறீர்கள். அப்பா ஓட்டிய பழைய புல்லட். பின்னால் வீட்டுக்காரம்மா. சூரபத்மன் மயிலாகத் தவம் இருந்ததாகத் தலபுராணம் சொல்லும் மலை அதோ தெரிகிறது. முருகனின் வாகனம் தயார்... உங்கள் வாகனம்தான் நடுரோட்டில் இருமி நின்றுவிட்டது! கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் சொத்தென்று கீழே போகிறது.

''கார்புரேட்டர்தான் சார்... டியூன் பண்ணிட்டா சரியாயிடும்!'' என்று கூட்டத்தில் ஒரு குரல் வரும். கூடவே ஸ்க்ரூடிரைவரும் வரும். கொஞ்சம் பொறுங்கள்! அந்தத் திருகாணியைத் தொடும் முன் 1860-க்குப் போய்வந்துவிடலாம்.

அந்த வருஷம் பாரிஸில் லெனுவார் என்பவர் ஒரு எரிவாயு இன்ஜின் செய்தார். ஓடியது. ஆனால், வாயுவைக் குடம் குடமாகக் குடித்துவிட்டுக் கொஞ்சமாக வேலை செய்தது! காரணம், உள்ளே வந்த வாயுவை அழுத்தாமல் அப்படியே கொளுத்தியதுதான். அழுத்திவிட்டுக் கொளுத்த வேண்டும் என்று 1862-ல் எழுதிவைத்தார் போ தெ ரோஷா என்ற பிரெஞ்சுக்காரர். எழுதினாரே தவிர, இன்ஜின் செய்யவில்லை. 1876-ல் செய்துகாட்டியவர் ஜெர்மனியின் நிகோலஸ் ஓட்டோ. இழு, அழுத்து, வெடி, வெளியே தள்ளு. உங்கள் புல்லட்டின் வயிற்றில் நடப்பதும் அதே நாலு வேலைதான்!

ஆனாலும் ஓட்டோவின் இன்ஜின், எரிவாயுக் குழாயில் கட்டிப்போட்ட மாடு. கயிற்றை அவிழ்த்துவிட்டது கார்புரேட்டர். டெய்ம்லரும் மேபாக்கும் 1885-ல் மரச்சட்டத்தில் 264 சிசி இன்ஜினைப் பொருத்தி, பெட்ரோலில் ஓடவிட்டார்கள். சக்தி வெறும் அரைக் குதிரை! 1893-ல் மேபாக், நுண்ணிய துளை வழியே பெட்ரோலைப் பீய்ச்சும் கார்புரேட்டரைக் கொண்டுவந்தார்.

வரிசையைக் கவனித்தீர்களா? முதலில் அழுத்தம், பிறகு கார்புரேட்டர். நல்ல மெக்கானிக்கின் வரிசையும் இதேதான்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்தன. அதன் பிறகு திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு தொடங்கியது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. உள்ளே இழுத்ததை ஏறக்குறைய ஆறரை மடங்கு அழுத்தும் இன்ஜின். அந்த அழுத்தம் எங்கே கசிகிறது?

முதலில் டீகம்ப்ரஷர் சரியாக மூடியிருக்கிறதா பாருங்கள். அடுத்து, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டேப்பட். புஷ்ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ரொம்ப டைட்டாக இருந்தால் வால்வு முழுசாக மூடாது. இரண்டும் சரியா? பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி மிதியுங்கள். எதிர்ப்பு கூடினால் ரிங்கோ, போரோ தேய்ந்திருக்கிறது. கூடவில்லையா? வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ கசிவு.

இதெல்லாம் சரியாகி, பாயின்ட்டையும் பார்த்த பிறகுதான் கார்புரேட்டர். இன்ஜின் சூடானதும் ஏர் ஸ்க்ரூவை மென்மையாக முழுக்க மூடி, சுமார் ஒன்றரைச் சுற்று திறங்கள். அதை ஒட்டி எந்த இடத்தில் ஓட்டம் வேகமாக, சீராக இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு ஐடிலிங்கைக் குறையுங்கள். கொஞ்சதூரம் ஓட்டிவிட்டுப் பிளக்கைப் பாருங்கள். கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெளிறிப்போனால் குறைவு. காபிப்பொடி நிறம்தான் சரி.

''மைலேஜ் வேணும்'' என்று பெட்ரோலைக் கண்டபடி குறைக்காதீர்கள். சூடு ஏறி எக்ஸாஸ்ட் வால்வு கருகும். மறுபடி அழுத்தம் போச்சு!

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது பெரும்பாலான புது பைக்குகளில் கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உட்கார்ந்துவிட்டது. பழைய புல்லட்டுக்கு இன்னமும் உங்கள் காலும் காதும்தான் டாக்டர். அழுத்தம் போன இன்ஜினுக்கு எத்தனை தடவை டியூன் பண்ணினாலும் அது வெறும் லெனுவார் இன்ஜின்தான். நிறையக் குடிக்கும், கொஞ்சமாக இழுக்கும்!

அப்பா விட்டுப்போன வண்டியை 1860-க்கு அனுப்பிவிடாதீர்கள்!