சாலைக் கடைத்தெருவின் மாந்தர்

ஆரியசாலையை ஒட்டிக் கிழக்கேகோட்டை வரை நீளும் சாலைக் கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசால் வணிகத்திற்கென்றே உருவாக்கப்பட்டது. கிழக்கிலிருந்து சரக்கு வந்தது. அதனுடன் தமிழ் வணிகரும் வந்து தங்கினர். அத்தெருவில் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே அதன் வாழ்வை எழுதியவர் ஆ. மாதவன் (1934–2021).

செல்வ வேட்கை, ஒழுக்கச் சரிவு என்றதும் ஆய்வாளர் நாடுவது ஃபிட்ஸ்ஜெரால்டு 1925இல் வெளியிட்ட 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலையே. அங்கே கள்ளச் சாராயப் பணம் மாளிகையாகிறது. சரிவு விருந்து விளக்குகளின் நடுவே நிகழ்கிறது. மாதவனிடம் மாளிகை இல்லை. சுமைதூக்குவோர், திருடர், சண்டியர், விலைமகளிர் எனப் பணம் கைமாறும் இடத்தில் வெறுங்கையுடன் நிற்பவர்களே அவருடைய மாந்தர். 'எட்டாவது நாள்' கதையின் சாலைப்பட்டாணி, சாவை எதிர்நோக்கியபடி தன் பழைய அட்டூழியங்களை நினைவில் ஓட்டுகிறான். கேட்ஸ்பியைப் போல அவற்றுக்குக் காதலைக் காரணம் காட்ட அவனுக்கு வழியில்லை.

இவர்களை 'விளிம்புநிலை மாந்தர்' என்று வகைப்படுத்தி நகர்ந்துவிடுகிறது திறனாய்வு. (மாதவன் எழுதத் தொடங்கியபோது அச்சொல்லே புழக்கத்தில் இல்லை.) அவ்வகைக்குள் அடங்காதவர் 'கிருஷ்ணப் பருந்து' நாவலின் குருஸ்வாமி. பரம்பரைச் சொத்தின் வருவாயில் துறவிபோல் வாழ்பவர்; பொருளாசை அற்றவர். தாம் பரிவுடன் வளர்த்த வேலப்பனின் மனைவிமேல் எழும் ஆசையில் அவரும் தடுமாறுகிறார்.