வெளிநாட்டுப் படைப்பணியும் கொங்கு நாட்டுக் குடும்பங்களும்

தந்தையோ தாயோ படைப்பணிக்காகக் கடல் கடந்து போயிருக்கும் காலத்தில் வீட்டில் இருப்பவர்கள் நடத்தும் வாழ்க்கையே இக்கட்டுரையின் பொருள். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் மாவட்ட ஊர்களில் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். அந்த வீட்டுக்குள் நடந்தவற்றின் பதிவுகள் குறைவு. சென்னைப் படைகள் எங்கெங்கே போரிட்டன என்பதற்குப் பல தொகுதி நூல்கள் இருக்கின்றன. அவர்களுடைய குடும்பங்களைப் பற்றிய செய்தி பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் தாளில் ஏறியது. ஒன்று, சம்பளத்தில் பிடித்து வீட்டுக்கு அனுப்பிய பணத்தின் கணக்கு. மற்றொன்று, தணிக்கை அதிகாரி பிரித்துப் படித்த கடிதம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்கு ஒரு தனி வழக்கம் இருந்தது. வங்காளப் படையின் சிப்பாய்கள் குடும்பத்தைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு வருவார்கள். சென்னைச் சிப்பாயோ மனைவி, பிள்ளைகள், சில சமயம் தாயையும் அழைத்துக்கொண்டு பாளையம் பாளையமாக இடம் மாறுவான். அதனால் கப்பலேற உத்தரவு வரும்போது குடும்பம் சொந்த பந்தம் இல்லாத கன்டோன்மென்ட் ஊரில் தனித்து நின்றது. 1811இல் ஜாவா, 1824இல் பர்மா, 1840இல் சீனா என்று படைகள் போனபோதெல்லாம் இதே நிலைதான். சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டார் பெற்றுக்கொள்ள 'குடும்பச் சான்று' என்ற ஏற்பாடு இருந்தது. சிப்பாய்களின் மகன்களைச் சிறு ஊதியத்தில் படைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் முறையும் இருந்தது.

இந்த ஏற்பாடு முறிந்தால் என்ன ஆகும் என்பதை 1844 காட்டியது. சிந்துவுக்குப் புறப்பட்ட 47ஆம் சென்னைக் காலாட்படை, பர்மாவுக்குப் போனவர்களுக்குக் கிடைத்த கூடுதல் படி தமக்கும் கிடைக்கும் என்ற உறுதியை நம்பி வீட்டுக்குப் பெருந்தொகையை ஒதுக்கிவிட்டது. பம்பாயில் இறங்கியபோது அந்தப் படி இல்லை என்று தெரிந்தது. கையில் மிஞ்சிய காசு சாப்பாட்டுக்கே போதாமல் அணிவகுப்பில் கூச்சல் எழுந்தது. இதைக் கலகம் என்பவர்களும் உண்டு, முறையீடு என்பவர்களும் உண்டு.

நீலகிரி கோவை மாவட்டத்தோடு இணைந்திருந்த 1850களில் ஜக்கதளாவில் படைவீடுகள் எழுந்தன. அவைதான் பின்னாளின் வெலிங்டன். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'போர்க்குடி'க் கொள்கை வலுத்தது. தெற்கத்தியர் போருக்கு உகந்தவரல்லர் என்று முடிவு கட்டப்பட்டுச் சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன.

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர். பிரான்சிலிருந்து வந்த இந்தியர் கடிதங்கள் தணிக்கைக்காகப் படிக்கப்பட்டன. இன்று கிடைக்கும் தொகுப்பில் பஞ்சாபியும் உருதுவுமே மிகுதி. தமிழர் மிகுதியும் போன மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா முனைகளுக்கு அத்தகைய தொகுப்பு இல்லை. அக்காலத்தில் தொடங்கிய சிப்பாய் நல வாரியங்களே இன்றைய முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களின் முன்னோடி. 1925இல் வந்த இந்தியச் சிப்பாய்கள் வழக்குச் சட்டம், போர்ப்பணியில் இருப்பவர் மீதான உரிமையியல் வழக்கை நீதிமன்றம் தள்ளிவைக்க வழி செய்தது. வரப்புக்கும் கிணற்றுப் பங்குக்கும் பங்காளிகள் கோர்ட் ஏறும் நாட்டில் இதன் அருமை விளங்கும்.

இரண்டாம் உலகப் போரின் ஆண்டுகள்தான் மிக அதிகம் எழுதப்பட்டவை. இருபத்தைந்து லட்சம் பேர் சேர்ந்த அந்தப் படைக்கு ஆள் கொடுத்ததில் பஞ்சாபுக்கு அடுத்த இடம் சென்னை மாகாணத்துக்கு. 1920களில் கலைக்கப்பட்ட சென்னை ரெஜிமென்ட் போரின் நடுவில் மறுபடி உருவானது. போர்க்குடிக் கொள்கையை ஆள் பற்றாக்குறை ஓரங்கட்டியது. ஏன் சேர்ந்தார்கள் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. நிலையான சம்பளமே காரணம் என்பது பலர் முடிவு. மழை பொய்த்தால் கம்பும் சோளமும் பொய்க்கும் மேட்டுக்காட்டுக் குடும்பங்களுக்கு மாதாமாதம் வரும் பணம் எவ்வளவு பெரிது என்பதை எண்ணினால் அதைத் தள்ளிவிட முடியாது.

அந்தப் பணம் மணியார்டராக வந்தது. தபால்காரர் சைக்கிளில் கொண்டுவந்து, வாசலில் கைநாட்டு வாங்கி எண்ணிக் கொடுப்பார். மணியார்டர் தாளின் அடியில் இரண்டு மூன்று வரி எழுத இடம் உண்டு. எழுதத் தெரியாத வீரர் பிறர் கையால் எழுதுவித்தார். படிக்கத் தெரியாத வீட்டில் வாத்தியாரோ தபால்காரரோ வாசித்தார். கணவன் மனைவியிடம் சொல்ல நினைத்தது குறைந்தது இரண்டு அந்நியர் நாவைக் கடந்துதான் வந்து சேர்ந்தது. மாமியாருக்கும் கேட்கும்படி வாசிக்கப்படும் கடிதத்தில் எதை எழுத முடியும்? நலம், நலமறிய ஆவல், மாடு கன்று எப்படி, பையன் பள்ளிக்கூடம் போகிறானா என்பதற்குள் மற்றதெல்லாம் அடங்க வேண்டியிருந்தது.

தணிக்கையாளர்கள் அவ்வப்போது தொகுத்த சுருக்கங்கள் பிழைத்திருக்கின்றன. மத்திய கிழக்கிலும் இத்தாலியிலும் இருந்த இந்திய வீரர்களின் கடிதங்களை ஆராய்ந்த ஸ்ரீநாத் ராகவன், தியா குப்தா போன்றோர் நூல்களில் திரும்பத் திரும்ப வருபவை கடிதம் வராத ஏக்கம், பணம் போய்ச் சேராத கவலை, விடுப்பு, விலைவாசி. 1942இல் பர்மா விழுந்ததும் சென்னை மாகாணத்துக்கு அரிசி வரத்து நின்றது, விலை ஏறியது. போர்முனையில் வேளாவேளைக்கு ரேஷன் கிடைத்தவர், ஊரில் பிள்ளைகள் அரைவயிறாக இருப்பார்களோ என்று வருந்தினார். பயம் கடலின் இரு கரையிலும் இருந்தது. அதில் ஒரு கரையின் பயம் மட்டுமே கோப்பில் ஏறியது. வீட்டிலிருந்து போன கடிதங்கள் போர்முனையிலேயே நைந்து போயின.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சரணடைந்தபோது ஏறத்தாழ 40,000 இந்திய வீரர் சிறைப்பட்டனர். அவர்கள் வீடுகளுக்குப் பல மாதம், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், 'காணவில்லை' என்பதே செய்தி. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாத நிலை அது. இத்தாலியில் 1944இல் கண்ணிவெடி மீது பாய்ந்து தோழர்களைக் காத்து உயிர்விட்ட சென்னை சாப்பர்ஸ் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன், ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர். காஞ்சிபுரம் பக்கத்து ஊர்க்காரர். பதக்கத்தை 1945இல் வைஸ்ராய் வேவல் பிரபு கையிலிருந்து வாங்கியவர் அவருடைய மனைவி.

இதே ஆண்டுகளில் கோவையே வேறு சிலருக்கு வெளிநாட்டுப் பணியிடமாக இருந்தது. பிரிட்டிஷ் கடற்படை இங்கே 'கருடா' என்ற பெயரில் விமானப் பழுதுபார்க்கும் நிலையம் நடத்தியது. போர்ட்ஸ்மவுத்திலோ கிளாஸ்கோவிலோ இருந்த பிள்ளைகள் கோயம்புத்தூர் என்ற பெயரை எழுத்துக் கூட்டிப் படித்திருப்பார்கள்.

விடுதலைக்குப் பின் வெளிநாட்டுப் பணி பெரும்பாலும் ஐக்கிய நாடுகளின் கொடியின்கீழ் வந்தது. கொரியாவுக்கு 1950இல் போன 60ஆம் பாராசூட் மருத்துவப் பிரிவின் தலைவர் ஏ.ஜி. ரங்கராஜ், தமிழர். அப்பிரிவு ஊர் திரும்ப 1954 ஆகிவிட்டது. தொடர்ந்து இந்தோசீனா, காசா, காங்கோ. இக்காலக் குடும்பங்களைப் பற்றிய எழுத்து அரிது. தபால்தலைகள் மட்டும் அழகாக மிஞ்சியிருக்கின்றன. கொரியாவில் இருந்த இந்தியக் காவற்படைக்காக 1953இல் இந்தியத் தபால்தலைகள் மீது இந்தியில் மேலச்சு இடப்பட்டது. 1962இல் காங்கோ படைக்கு இந்திய வரைபடத் தலைகள் மீது. 1965இல் காசா படைக்கு நேருவின் உருவம் பொறித்த பதினைந்து காசுத் தலை மீது. இவை ஒட்டிய உறைகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். உள்ளே இருந்த கடிதங்கள் பெரும்பாலும் இல்லை, உறைகள் இருக்கின்றன.

1962இல் உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் சைனிக் பள்ளி தொடங்கியது. ராணுவ மனைவியர் நலச் சங்கம் 1966இல் உருவானது. தந்தை களப்பகுதியில் இருக்கும்போது குடும்பம் தங்குவதற்கென ராணுவம் சில ஊர்களில் தனிக் குடியிருப்புகள் ஒதுக்குகிறது. என்றாலும் கொங்குக் குடும்பங்களில் பிள்ளைகளை அப்பாருவிடமோ (அப்பாவின் அப்பா) அப்புச்சி, அம்மிச்சியிடமோ (அம்மாவின் பெற்றோர்) விடும் வழக்கமே வலுவானது.

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை, தமிழ்க் குடும்பங்களுக்கு வேறெந்தப் பணியும் தராத சோதனையைத் தந்தது. அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போர் மூண்டது. மேட்டூருக்கு அருகே கொளத்தூரில் சில ஆண்டுகளுக்கு முன்தான் புலிகளின் பயிற்சி முகாம் இருந்தது. ஊரார் பலர் அவர்களைத் தம் பிள்ளைகளாகவே எண்ணினர். அதே மண்ணின் தெருக்களில், கணவன் யாழ்ப்பாணத்தில் இருக்க, வீட்டில் வானொலியைத் திருகிக்கொண்டிருந்த பெண்கள் அக்கம்பக்கத்தில் எதைப் பேசியிருக்க முடியும்? முகவரியில் '56 ஏ.பி.ஓ.' என்ற குறிதான் இருக்கும், ஊர்ப்பெயர் இராது. எந்த ஊரில் குண்டு வெடித்தது என்று செய்தி சொன்னாலும் அவர் அங்கே இருக்கிறாரா என்பது விளங்காது.

உயிரிழந்தோர் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது. சுமார் 1,165 என்பது பரவலாகச் சொல்லப்படுவது. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று வீழ்ந்தார். அவருக்குப் பரம்வீர் சக்கரம் அளிக்கப்பட்டது. சென்னை சாலிகிராமத்தில் படையினர் குடியிருப்பு ஒன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதல்வர் மு. கருணாநிதி வரவேற்புக்குப் போகவில்லை. ஈழத்தமிழர் பட்ட துயருக்கு அது தக்க பதில் என்போரும், உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் போன வீரரைப் புண்படுத்தியது என்போரும் இன்றும் உள்ளனர். அந்நாளில் தந்தை திரும்பி வந்த வீடுகளின் குரல் இந்த விவாதத்தில் குறைவாகவே கேட்கிறது.

தாய் கடல் கடந்த நிகழ்வுகள் பதிவில் மிகச் சில. போர்க்கால ராணுவச் செவிலியரை விட்டால், 2007இல் லைபீரியாவுக்குச் சென்ற மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்களில் பிள்ளைகளை ஊரில் விட்டுப் போன தாய்மாரும் இருந்தனர். அப்படைக்குக் கோவை துடியலூர்ப் பக்கம் பயிற்சிக் கல்லூரி ஒன்று உண்டு.

அண்மை ஆண்டுகளில் காங்கோ, தெற்கு சூடான், லெபனான் பணிகள் பெரும்பாலும் ஓராண்டு அளவில் முடிகின்றன. குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. பேச்சு வாட்ஸ்அப்பில் நடக்கிறது. கிழக்கு காங்கோவின் கோமாவுக்கும் கோவைக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம் என்பதால் பிள்ளைகள் தூங்குமுன் அழைப்பதற்கு அங்கே மாலையிலேயே ஓய்வு கிடைக்க வேண்டும். நிலத்தகராறு, பட்டா, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றுக்கு மனைவியே அலுவலகம் ஏறுகிறார். படைப்பிரிவின் கட்டளை அதிகாரி மாவட்ட ஆட்சியருக்கு எழுதும் கடிதத்தை மனுவோடு இணைப்பது இப்போதும் வழக்கம்.